பைக்கில் பெட்ரோல் ஒழுகுதா? எங்கே என்று பார்க்கும் முன் எப்போது என்று பாருங்கள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, ராமேஸ்வரம் போகும் சாலை ஓரத்தில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மீன் பெட்டி கட்டிய வண்டிகள் நிறைய வரும். அதற்கு அடுத்தபடி, துபாய்க்கோ சவூதிக்கோ போனவர்கள் வீட்டில் விட்டுப்போன வண்டிகள். பெட்ரோல் ஒழுகுகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் நோயின் பெயரையும் சேர்த்தே கொண்டு வருவார்கள். "அண்ணே, கார்ப்பரேட்டர் போயிருச்சு, மாத்திருங்க."

நான் கேட்பது ஒன்றுதான்: "எப்ப ஒழுகுது?"

நிற்கும்போதா, ஓடும்போதா? டேங்க் நிரப்பிய அன்று மட்டுமா, எப்போதுமா? சைடு ஸ்டாண்டில் மட்டுமா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. டேங்கின் பின்மூலையில் கசியும் பெட்ரோல் அடி விளிம்பைப் பிடித்தே ஓடி, டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் நுனியில் வந்து சொட்டும். டேப்பை மாற்றுவார்கள், மறுநாளும் சொட்டும். அப்புறம் டியூப், அப்புறம் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர். இப்படி மூன்று சாமான் மாற்றிய பிறகு என்னிடம் வந்த வண்டிகள் உண்டு.

கை வைக்கும் முன்

வண்டியை வெளியே எடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது; தரையோடு படர்ந்து, திண்ணையில் நிறுத்திய வண்டியிலிருந்து அடுப்படி வரை போகும். அங்கே கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரிந்தால் போதும். டார்ச் வைத்துப் பாருங்கள். லைட்டர் வெளிச்சத்தில் ஒழுகலைத் தேடிய ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு அன்று நல்ல நேரம், அவ்வளவுதான்.

இஞ்சின் சூடு ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். நம் ஊரில் மணலுக்கா பஞ்சம்? பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீர் மேல் ஏறி மிதந்து பரவும்; மணல்தான் அமுக்கும்.

முதலில், சொட்டுவது பெட்ரோல்தானா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மீன் பெட்டியில் ஐஸ் கரைந்து வழிவதை பெட்ரோல் என்று கொண்டு வந்தவர்களும் உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் சொட்டைப் பிடியுங்கள். பெட்ரோல் உடனே பரவிச் சில நிமிடத்தில் காய்ந்து போகும், தாள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். தண்ணீர் என்றால் தாள் நெளியும். ஆயில் என்றால் கறை அப்படியே நிற்கும். டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்திருப்பதால், பெட்ரோல் பறந்த பிறகு பிசுக்கு மட்டும் மிஞ்சும். அந்தப் பிசுக்குத் தடத்தைப் பின்தொடர்ந்து மேலே போனால் மூலம் கிடைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியிலும் பல நாளாகக் கசியும் இடத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு வார்னிஷ் கறை படியும். ஈரம் இல்லாவிட்டாலும் அந்தக் கறையை நம்பலாம்.

பாம்பன், தனுஷ்கோடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பகலில் தேடினால் ஒன்றும் தெரியாது. கசிகிற வேகத்திலேயே காய்ந்துவிடும். காற்று அடங்கும் விடியற்காலையில் பாருங்கள், இல்லையென்றால் சுவர் மறைவில் நிறுத்திப் பாருங்கள்.

தேடும் முறை இதுதான். டேங்க் முதல் கார்ப்பரேட்டர் வரை எல்லாவற்றையும் பழைய துணியால் சுத்தமாகத் துடைத்துக் காய விடுங்கள். சந்தேகமான இடத்தில் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, முன் சக்கரம் எந்தப் பக்கம் என்று அதில் குறித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, பவுடர் மிக உயரத்தில் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் மூலம். கீழே நனைந்ததெல்லாம் வழி.

ராத்திரி நிறுத்தினால் காலையில் ஈரம், ஓடும்போது ஒன்றுமில்லை

டேப்பை ஆனில் விட்டு நிறுத்துகிறீர்களா? இன்று ராத்திரி மூடிவிட்டு நிறுத்துங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் டேங்கும் டேப்பும் நல்லவை. குற்றம் டேப்புக்குக் கீழே, அதாவது டியூபிலோ கார்ப்பரேட்டரிலோ. டேப்பை மூடிக்கொண்டே காலம் தள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, நுனி கூரான ஒரு நீடிலை மேலே தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். நம் வீட்டு மாடித் தொட்டியில் பந்து வைத்த வால்வு மாதிரிதான். நீடில் சரியாக அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி, ஓவர்ஃப்ளோ பைப் வழியாகக் கீழே வழியும். ஓடும்போது இஞ்சின் குடித்துவிடுவதால் தெரியாது, நின்றதும் வழியும். கூடவே வேறு அடையாளங்களும் இருக்கும்: காலையில் ஸ்டார்ட் ஆக அடம், கருப்புப் பிடித்த பிளக், மைலேஜ் குறைவு.

எங்கள் பகுதியில் இந்தக் கோளாறுக்கு ஒரு பருவமே உண்டு. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில் கட்டியிருக்கும்; அந்த மீனை ஓட்டும் வண்டியும் வீட்டில் நிற்கும். கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் வெயிலில் வற்றிக் கோந்தாகி, நீடிலை அடைக்க விடாமல் பாதியில் சிக்க வைக்கும். ஜூன் 15 காலையில் டேப்பைத் திறந்ததும் கடகடவென்று வழியும். அந்த வாரம் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

கழற்றும் முன் ஒரு சின்ன முயற்சி செய்யுங்கள். டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் உருண்டை உருண்டையாகத் தண்ணீரோ, துருப்பொடியோ, மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பை ஒரு நிமிடம் திறந்து, பெட்ரோலை ஓடவிட்டு, ஸ்க்ரூவை மூடுங்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் நாலு தட்டு. தூசி சிக்கியிருந்தால் இதிலேயே நிற்கும். நின்றால், தூசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. டேங்க் பகுதியைப் படியுங்கள்.

நிற்கவில்லையா, கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். இங்கே உப்புக்காற்று தன் வேலையைக் காட்டும். அலுமினிய உடம்பில் இரும்பு ஸ்க்ரூ. நடுவில் வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் ஒன்றாகியிருக்கும். அவசரப்பட்டால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். அளவு சரியான டிரைவரை வைத்து, அதன் தலையில் சுத்தியால் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

கிண்ணம் வந்த பிறகு:

மிதவையைப் பிடித்திருக்கும் பின்னை உருவி, மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலவென்றால் ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். சந்தேகம் என்றால் சுடுதண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வரும்.

நீடிலின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் மோதிரம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தால் நீடில் முடிந்தது. அது உட்காரும் இடத்தை, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் கார்ப்பரேட்டர் கிளீனர் தொட்டுத் துடையுங்கள். கம்பி, உப்புத்தாள் எதுவும் உள்ளே போகக் கூடாது. பல சின்ன வண்டிகளில் அந்த இருக்கை உடம்போடு அடித்து இறக்கியது, தனியாக மாற்ற முடியாது. அதைக் கீறிவிட்டால் முழு கார்ப்பரேட்டர் செலவு.

மாட்டும் முன் ஒரு ஊதிப் பார்க்கும் சோதனை. டியூப் மாட்டும் மூக்கில் சுத்தமான ஒரு டியூபைச் செருகி, கார்ப்பரேட்டரை நேராகப் பிடித்து ஊதுங்கள்: காற்று போக வேண்டும். தலைகீழாகத் திருப்பி ஊதுங்கள்: மிதவையின் எடை நீடிலை அமுக்குவதால் காற்று துளியும் போகக் கூடாது. போனால் இன்னும் ஒழுகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மாட்டிவிட்டு, மறுபடி கழற்றிய நாட்கள் எனக்கும் உண்டு.

கிண்ணத்தின் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும்; அதன் பள்ளத்தில் உட்காராது. உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் வெளியே காய விட்டால் சுருங்கி அளவுக்கு வரும். வெடித்திருந்தால் மட்டும் புதிது.

டேப்பை மூடினாலும் சொட்டுகிறது

டேப்பை ஆஃபில் வைத்து, கார்ப்பரேட்டர் முனையில் டியூபை உருவி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். பத்து நிமிடம். சொட்டினால் டேப்பின் உள்ளே உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. லீவருக்கு மேல் இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்ட தகடு இருக்கும். டேங்கைக் காலி செய்துவிட்டு அதைத் திறந்தால் துளைகள் உள்ள வாஷரும் ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையமும் வரும். கடையில் கிட்டாகவே கிடைக்கும். ரிவெட் அடித்த டேப் என்றால் முழுசாக மாற்றுங்கள். லீவரைச் சுற்றி ஈரம் என்றால் ஓ-ரிங். டேங்கோடு சேரும் இடத்தில் ஈரம் என்றால் அங்குள்ள வாஷர்.

டேப்பே மூடத் தேவையில்லாத வண்டிகள் சில உண்டு. இஞ்சினின் உறிஞ்சலில் தானாகத் திறந்து மூடும் வகை. அதிலிருந்து இஞ்சினுக்குப் போகும் மெல்லிய டியூபைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்புக்குள் உள்ள டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்து, பெட்ரோல் நேராக இஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

டேங்க் நிரப்பிய அன்று மட்டும்

இதில் பாதி கோளாறே இல்லை. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். 12 லிட்டர் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, பங்க்கிலிருந்து நேராகத் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய் வெயிலில் நிறுத்தினால், டேங்க் 15 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது கிட்டத்தட்ட 170 மில்லி இடம் தேடும். மூடி வழியாகத்தான் வரும். கழுத்துக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுரட்டுமா தம்பி" என்றால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கழுத்துக்குக் கீழேயே நிறுத்தியும் ஒழுகினால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கடற்கரை வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன், ஆனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. டேங்கின் மேல்மட்டத்துக்குச் சமமாக மூடி பதிந்திருக்கும் வண்டிகளில், மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் நிற்காமல் இறங்க ஒரு சின்னத் துளை இருக்கும். பல டேங்குகளில் அந்தத் துளையிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் குழாய் டேங்கின் உள்ளேயே, பெட்ரோலுக்கு நடுவே இறங்கி அடியில் வெளிவரும். அதில் ஒரு ரப்பர் டியூப் மாட்டியிருக்கும். மழைநீர், உப்புத்தூசி, மணல் எல்லாம் அந்தக் குழாய்க்குள்தான் போகும். அது உள்ளிருந்து அரித்து நடுவில் ஓட்டை விழுந்தால், பெட்ரோல் மட்டம் அந்த ஓட்டைக்கு மேல் இருக்கும் வரை குழாய் வழியாக இறங்கி, இஞ்சினுக்குப் பின்னால் எங்கோ சொட்டும். மட்டம் இறங்கியதும் தானாக நின்றுவிடும். கீழக்கரையிலிருந்து ஒரு வண்டி வந்தது. கார்ப்பரேட்டர் புதிது, டேப் புதிது. வண்டிக்காரர் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் வழி காட்டியது: "பெட்ரோல் போட்ட மூணு நாளைக்கு மட்டும்தாண்ணே ஒழுகும், அப்புறம் நல்லாயிரும்."

சோதனை எளிது. டேங்கை முக்கால் அளவு நிரப்பி, மேலே மூடிப் பகுதியைத் துடைத்துக் காய விடுங்கள். அடியில் அந்த ரப்பர் டியூபை உருவி, இரும்பு மூக்கைப் பாருங்கள். மேலே எதுவும் வழியாமல் மூக்கில் பெட்ரோல் சொட்டினால் உள்குழாய் ஓட்டை. நிரந்தரத் தீர்வு டேங்க் மாற்றுவது. கையில் காசு வரும் வரை, டேங்கைக் காலி செய்து காய வைத்து, குழாயின் மேல் வாயையும் கீழ் வாயையும் பெட்ரோல் தாங்கும் எபாக்சியால் அடைக்கலாம். ஆனால் அதன் பிறகு மழை பெய்தால் மூடியைச் சுற்றித் தேங்கும் தண்ணீரைத் துடைக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது.

டேங்கின் அடியில் ஈரம், பெயிண்டில் கொப்புளம்

மீன் வண்டிக்கு இதுதான் எமன். பெட்டியில் கரையும் ஐஸ் தண்ணீர் உப்போடும் செதிலோடும் சீட்டுக்கு அடியில் ஓடி, டேங்கின் பின் விளிம்பில் தேங்கும். டேங்க் உட்காரும் ரப்பர் மெத்தைகள் அந்த உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து அரிப்பு. உள்ளிருந்து இன்னொன்று: பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் சேரும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் இழுத்ததும் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். வடகடல் பக்கமானாலும் தென்கடல் பக்கமானாலும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டு பக்க அரிப்பும் உண்டு.

சீட்டைக் கழற்றி, டேங்கின் பின் போல்ட்டை எடுத்து, விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெயிண்ட் கொப்புளித்திருந்தால் அடியில் துரு. தயவுசெய்து நிறைந்த டேங்கில் அந்தக் கொப்புளத்தைச் சுரண்டாதீர்கள். கடை போட்ட புதிதில் நான் சுரண்டினேன். ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ளே போய்விட்டது. கட்டை விரலால் அடைத்துக்கொண்டு கத்தினேன். கருவாடு விற்கும் ஆத்தா ஒருத்தி ஓடிவந்து, "என்னப்பா, குழாயத் தொறந்து வச்சிட்டு நிக்கிற" என்று சிரித்துவிட்டு, டீக்கடையிலிருந்து துணி சோப்புக் கட்டியை வாங்கிவந்து கொடுத்தாள். கட்டியை அப்படியே ஓட்டையில் அழுத்தித் தேய்த்தேன். நின்றது. பெட்ரோலில் சோப்பு கரையாது. அதனால்தான் இந்த வைத்தியம். பட்டறைக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான் அது தாங்கும். தண்ணீர் பட்டால் போய்விடும். எம்சீல் போன்ற பசையும் காய்ந்த இரும்பில்தான் பிடிக்கும். கசிந்துகொண்டிருக்கும் ஈரத்தின் மேல் அப்பினால் உரிந்து வரும்.

டேங்கில் ஓட்டை என்று உறுதியானால் மட்டத்தைக் குறையுங்கள். டேப்பின் டியூபை கேனுக்குள் விட்டு இறக்குங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

ஒரே ஒரு ஊசி ஓட்டை என்றால் டேங்கைக் கழற்றி, இதில் கை பழகிய பட்டறையில் பித்தளைப் பற்று வைக்கலாம். காலி டேங்க்தானே என்று நீங்களே வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, ஏனென்றால் உள்ளே முழுக்க ஆவி. சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, பற்று வைக்கும் இடம் தவிர மற்ற இடத்தைத் தண்ணீரால் நிரப்பிய பிறகே நெருப்பைக் காட்டுபவரிடம் கொடுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பவரிடமிருந்து டேங்கை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். விளிம்பு நெடுக ஓட்டை என்றால் பற்றுக்குச் செலவழிக்காமல் புது டேங்க் வாங்குவதே நல்லது என்பது என் கணக்கு. ஒன்றை அடைத்தால் அந்தச் சூட்டிலேயே பக்கத்துத் துரு வாய் திறக்கும்.

புது டேங்க் போட்டால் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டும் வழிகாலும் வைத்து, ஐஸ் தண்ணீரைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் தள்ளிவிடுங்கள். பழைய ஆயிலை அடியில் தடவும் பழக்கம் இங்கே உண்டு. இரும்புக்கு நல்லதுதான். டியூபிலும் ரப்பர் மெத்தையிலும் படக் கூடாது, உப்பிவிடும்.

சைடு ஸ்டாண்டில் மட்டும்

மிதவை மட்டம் விளிம்புக்கு அருகில் இருக்கிறது, அல்லது நீடில் தேயத் தொடங்கியிருக்கிறது. முழுக் கோளாறாக மாறும் முன் கிடைத்த எச்சரிக்கை. கிண்ணத்தைத் திறந்து மேலே சொன்னதைச் செய்யுங்கள். மணலில் ஸ்டாண்டு புதைந்து வண்டி படுக்காத குறையாகச் சாய்ந்து நின்றபோது வழிந்தது என்றால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஓடும்போது மட்டும்

டியூபில் ஆரம்பியுங்கள். முனையை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தால் நிற்கும்போது தெரியாத வெடிப்பு வாய் திறக்கும். முனை மட்டும் வெடித்து, நீளம் மிச்சம் இருந்தால் அரை இஞ்ச் வெட்டிவிட்டு மாட்டலாம். முழுதும் விறைத்திருந்தால் மாற்றுங்கள். பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்ளளவில், பெட்ரோலுக்கென்றே செய்த டியூபைக் கேளுங்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரத்தில் கல் மாதிரி விறைத்து வெடிக்கும். கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், விலை ஒரு டீக்காசு. பத்து வருடத்துக்கு முந்தைய வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடுகிறது என்றால், டியூபை வருடம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

டியூப் நன்றாக இருந்தால் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள், டிரெய்ன் ஸ்க்ரூ. அதிர்வில் தளரும்.

சொட்டே இல்லை, வாடை மட்டும்

இங்கே வாடை என்றால் வடக்குக் காற்றும்தான், நாற்றமும்தான். கார்த்திகை, மார்கழியில் இரண்டும் ஒன்றாக வரும்போது, யார் வண்டி என்றே தெரியாது. உங்கள் வண்டிதான் என்று உறுதியானால், உடனே ஸ்டார்ட் செய்யாமல் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா? குச்சியைத் துடைத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? தண்ணீர் மாதிரி ஓடுகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் கார்ப்பரேட்டரைத் தாண்டி இஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது.

டேப்பை மூடிக்கொண்டே காலம் தள்ள வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். ஓவர்ஃப்ளோ பைப் மணலால் அடைத்திருந்தால், ஒருநாள் டேப்பை மூட மறந்தாலும் மொத்தமும் உள்ளே போகும். பெட்ரோல் கலந்த ஆயிலில் வழவழப்பு இருக்காது. பேரிங்கும் பிஸ்டனும் உரசித் தேயும். சிலிண்டரிலேயே நிரம்பியிருந்தால் கிக்கர் பாறை மாதிரி நிற்கும். அமுக்கி மிதித்தால் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி வளையலாம். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியைத் தள்ளிக் கட்டிவிட்டு, மெதுவாகக் கிக்கர் அடித்து வெளியேற்றுங்கள். ஆயிலை மாற்றுங்கள். நீடிலைச் சரிசெய்த பிறகே ஸ்டார்ட்.

ஆயில் நன்றாக இருந்தால் மூடி ரப்பர், டேங்க் ஓரம், டியூப் என்று பவுடர் போட்டுத் தேடுங்கள்.

ஒழுகலுக்கு நேரெதிரான ஒன்றையும் இதோடு குழப்பிக்கொண்டு வருவார்கள்: சில கிலோமீட்டர் ஓடியதும் வண்டி அணைந்துவிடும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும். மூடியின் காற்றுத்துளை உப்பால் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். மெல்லிய நைலான் நரம்பு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். தூண்டில்காரர் வீட்டில் அதற்குப் பஞ்சமிருக்காது.

இன்ஜெக்‌ஷன் வண்டி

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகை விதி வந்த பிறகு விற்ற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. இவற்றில் கிண்ணமும் மிதவையும் இல்லை. டேங்குக்குள் மோட்டார் பம்ப், டியூபுக்குள் சுமார் 3 பார் அழுத்தம். கார்ப்பரேட்டர் வண்டியில் சொட்டும் ஓட்டை இதில் பீய்ச்சும். சூடான சைலன்ஸர் மேல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் ஈரத்தைப் பார்த்துவிட்டால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

சோதிப்பது இப்படி: இஞ்சின் ஆறியிருக்க, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். பம்ப் இரண்டு, மூன்று விநாடி முனகும். தள்ளி நின்று டார்ச் அடியுங்கள். டேங்குக்கு அடியில் பம்ப் பூட்டிய வட்டத்தில் ஈரம் என்றால் அதன் வளையம். பெட்ரோலை இஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் என்றால் அங்குள்ள ஓ-ரிங். டியூப் முனையின் பிளாஸ்டிக் பூட்டில் என்றால் யாரோ முன்பு இழுத்து உடைத்திருக்கிறார்கள், அல்லது மணல் புகுந்திருக்கிறது.

இதில் கை வைக்கப் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அழுத்தத்தை இறக்குங்கள்: பம்ப்பின் வயர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, இஞ்சின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். ஈரம் கண்ட வண்டியில் இதைச் செய்யக் கூடாது. அதில் ஆறிய பிறகு டியூப் முனையில் துணியைச் சுற்றி மெதுவாகத் திறக்க வேண்டும். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். புதியதில் ஒரு சொட்டு ஆயில் தடவி உட்கார வைத்து, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பழக்கம் இல்லாதவர்கள் டார்ச் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு

தடைக்காலமோ வெளிநாடோ, ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் டேப்பை மூடி, டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். இரும்பு டேங்க் என்றால் கழுத்துக்குக் கீழ் வரை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்த பிறகு மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே வேகும். அதைவிடப் பழைய வேட்டியே மேல்.

ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள்: "டேப் மூடியிருக்கு." இல்லையென்றால் வீட்டிலிருக்கும் தம்பி, வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று செல்ஃபை அமுக்கி அமுக்கிப் பேட்டரியைத் தீர்த்துவிட்டு, கார்ப்பரேட்டர் போயிருச்சு என்று என்னிடம் தள்ளிக்கொண்டு வருவான்.